ஊற்றுக்காரி: சத்துவாச்சாரி மாடியில் உருவான ஒரு மான்ஸ்டர்

இது ஒரே ஒரு மான்ஸ்டரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. வேலூர் சத்துவாச்சாரியில், தகர ஷீட் போட்ட ஒரு மாடி அறையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் சின்னக் கூட்டம் ஒன்று தானே செய்துகொண்டது. முதல் வடிவம் ஆடியபோது அறையில் கொட்டாவிதான் மிச்சம். அதையே பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டியதும் ஆட்டமே வேறாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை எண்களோடு எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் இந்தக் கூட்டத்தில் டிஎம் இல்லை. திருடன் கேரக்டர் ஆடுகிறவன், கூடவே குறிப்பு எழுதுகிறவன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்டது. டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம், உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். மான்ஸ்டர், ஊர், கதை எல்லாம் அச்சிட்ட புத்தகத்திலேயே கிடைக்கும். ஆனாலும் கொஞ்ச நாளில் எல்லா டிஎம்மும் சொந்தமாக ஒன்று செய்து பார்ப்பார். அதைத்தான் ஹோம்ப்ரூ என்கிறோம்.

எங்கள் டிஎம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மேக்கர். கத்தியும் அட்டையும் கையில் இருந்தால் எதையும் வெட்டி நிறுத்திவிடுவார். ஆடுகிறவர்கள் நாலு பேர். போர்வீரன் ஆடுவது ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். பூசாரி, அதாவது கிளெரிக், குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு நர்ஸ் அக்கா. மந்திரவாதி, காட்பாடியில் இன்ஜினீயரிங் படிக்கும் தம்பி. நாலாவது நான். எல்லோரும் மூன்றாம் லெவல். விதி 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு. 2024 திருத்தத்துக்கு இன்னும் நாங்கள் மாறவில்லை.

மணல் பூதம்

பாலாறு என்றால் எங்களுக்கு மணல்தான். நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகமும் ஆந்திரமும் கடந்து, வாணியம்பாடி வழியாக உள்ளே வருகிற ஆறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே தண்ணீர் காட்டாது. மணலுக்கு அடியில் ஓடும். ஊற்று தோண்டினால் சுரக்கும். இந்த ஆற்றுக்குள் ஏதாவது இருக்க வேண்டும் என்று டிஎம்முக்கு ஆசை. மணலிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு பூதத்தை எழுதினார்.

எண்களுக்கு அவர் டிஎம் கையேட்டில் இருக்கும் அட்டவணையைப் பிரித்தார். எந்தச் சேலஞ்ச் ரேட்டிங்குக்கு (சுருக்கமாக சிஆர், மான்ஸ்டர் எவ்வளவு கடினம் என்ற எண்) எவ்வளவு ஹிட் பாயிண்ட் (உயிர்க்கணக்கு, தீர்ந்தால் விழ வேண்டியதுதான்), எவ்வளவு ஏசி (அடி பட உருட்டலில் தொட வேண்டிய எண்), ரவுண்டுக்கு (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது) எவ்வளவு அடி என்று வரிசையாகக் கொடுக்கும் அட்டவணை அது. சிஆர் 5 வரியை அப்படியே எடுத்தார்: ஏசி 15, ஹிட் பாயிண்ட் 138, தாக்குதல் +6 (பகடையில் விழுவதோடு கூட்டுவது), ஒரு ரவுண்டில் இரண்டு குத்து, ஒவ்வொன்றும் 3டி8+4, அதாவது எட்டு முகப் பகடை மூன்றை உருட்டி நாலைக் கூட்டுவது.

ஆட்டம் இப்படிப் போனது. "அடிக்கிறேன். பதிமூணு." "படலை." "அடுத்தவங்க." "பதினேழு." "பட்டுது, எவ்ளோ?" "ஒம்போது." "சரி, அடுத்தவங்க." அரை மணி நேரம் இதேதான். இரண்டு பேர் தரையில். அக்கா ஒருவரை எழுப்பினால் பூதம் இன்னொருவரைச் சாய்த்தது. கடைசியில் தம்பி ஒரு சுமாரான அடி அடித்ததும் பூதம் திடீரென்று சரிந்து விழுந்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. பிறகு டிஎம்மின் நோட்டைப் பார்த்தால் ஐம்பது பாயிண்டுக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்தது. பாவம், மனுஷன் எங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். ஆனால் ஒரு தடவை அப்படிக் காப்பாற்றப்பட்டுவிட்டால், அடுத்த தடவை யாருக்கும் பயம் வராது.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கள் தாக்குதல் சராசரியாக +5. ஏசி 15ஐத் தொடப் பகடையில் 10 விழ வேண்டும், அதாவது 55 சதவீதம். பட்டால் சராசரி 8. திருடனின் மறைவடி, மந்திரம் எல்லாம் சேர்த்தாலும் நாலு பேருக்கும் ரவுண்டுக்கு இருபதுக்கு மேல் வராது. 138ஐ இருபதால் வகுத்தால் ஏழு ரவுண்டு. மறுபக்கம், எங்கள் ஏசி 16ஐப் பூதம் தொடுவதும் 55 சதவீதம். ரவுண்டுக்குச் சராசரி 19. எங்கள் நாலு பேர் ஹிட் பாயிண்டையும் கூட்டினால் 96. ஐந்து ரவுண்டில் காலி. ஆள் விழ விழ எங்கள் இருபதும் குறையும். ஆக, பகடை உருட்டுவதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த முடிவுக்குப் போய்ச் சேரத்தான் எல்லோரும் வரிசையாக உருட்டிக்கொண்டிருந்தோம்.

அட்டவணையை நம்பியதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே பதிப்பின் மான்ஸ்டர் புத்தகத்தில் இருக்கும் ஔல்பேர், அதாவது ஆந்தைத் தலை வைத்த கரடி, சிஆர் 3. அட்டவணைப்படி அதற்கு 101லிருந்து 115 வரை ஹிட் பாயிண்ட் வேண்டும். அச்சில் இருப்பது வெறும் 59. உடம்பைக் குறைத்து அடியைக் கூர்மையாக்கி வைத்திருக்கிறார்கள்: +7 தாக்குதல், ரவுண்டுக்கு இருபத்துநாலு போல. சீக்கிரம் முடியும், முடிவதற்குள் நன்றாக வலிக்கும். அட்டவணை ஒரு சராசரிக் கோடு. அதன்மேல் அப்படியே நடந்தால் சராசரி மான்ஸ்டர்தான் வரும்.

ஆனால் இதைச் சரிசெய்து 138ஐ 70 ஆக்கியிருந்தாலும் பூதம் தேறியிருக்காது என்பது என் கருத்து. அதனோடு செய்வதற்கு அடிப்பதைத் தவிர எங்களுக்கு வேறொன்றும் இல்லை. அதற்கும் எங்களிடம் வேண்டியது ஒன்றும் இல்லை. ஏன் மணலில் இருக்கிறது, எப்போது வரும், எதைக் கொடுத்தால் போகும்? எதற்கும் பதில் கிடையாது. நம் பாட்டிமார் சொன்ன பேய்களில் ஒன்றுகூட இப்படி வராது. இந்தப் புளியமரம், இந்த வேளை, இதைத் தாண்டினால் பிடிக்கும், இதை வைத்தால் விட்டுவிடும் என்று விதியோடுதான் வரும்.

அம்மனுக்கு எத்தினி பாயிண்ட்?

மணல் பூதத்துக்குப் பதிலாக என்ன என்று யோசித்தபோது டிஎம் முதலில் போய் நின்ற இடம் சிரசுத் திருவிழா. குடியாத்தம் கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் வைகாசி முதல் நாள் அம்மன் சிரசு வீதிவீதியாக ஊர்வலம் வந்து கோயிலில் உடலோடு பொருத்தப்படும். தந்தை சொல்லுக்காகப் பரசுராமன் தாய் ரேணுகையின் தலையைக் கொய்த கதைதான் பின்னணி. உடல் தேடி அலையும் ஒரு தலை. மான்ஸ்டராகப் பார்த்தால் பிரமாதமான கற்பனை, மறுக்க முடியாது.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது எங்க அம்மாடா. வருஷா வருஷம் நானு கூட நடந்து போறேன். அதுக்கு எத்தினி ஹிட் பாயிண்ட் போடுவே நீ? சொல்லு."

டிஎம்மிடம் பதில் இல்லை. கடைக்கார அண்ணனும் சேர்ந்துகொண்டார். அவருக்குக் குலதெய்வம் முனீஸ்வரன், ஏற்கெனவே ஒரு ஆட்டத்தில் 'சடைமுனி' என்று ஒன்று வந்து நாங்கள் அதைக் கொன்றது அவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கே ஒரு ஒழுங்கு முடிவானது: இங்கே யாராவது பொங்கல் வைக்கிற, கூழ் ஊற்றுகிற எதற்கும் ஸ்டாட் பிளாக், அதாவது எண் பட்டியல், எழுதுவதில்லை. கதைக்குள் வரலாம், வாக்குச் சொல்லலாம், கோபப்படலாம். ஹிட் பாயிண்ட் மட்டும் கிடையாது.

இதைக் கட்டுப்பெட்டித்தனம் என்று தம்பி கொஞ்சம் முணுமுணுத்தான். எனக்கு அப்படிப் படவில்லை. ஹிட் பாயிண்ட் போட்ட நிமிஷமே அது கொல்லக்கூடிய பொருளாகிவிடுகிறது. அமெரிக்கப் புத்தகத்தில் 'ராக்ஷசா' என்று ஒன்று இருக்கிறது: புலித்தலை, உள்ளங்கை புறமாகத் திரும்பிய கை, பட்டு உடை, சிஆர் 13. அதைப் பார்த்துத் தம்பியே சிரித்தான், "இது இன்னாணா, நம்ம ஊரு ராட்சசன் மாதிரியே இல்லே" என்று. தூரத்திலிருந்து எடுத்தால் இப்படித்தான் வரும். பக்கத்தில் இருந்துகொண்டு நாமே அதைச் செய்ய வேண்டுமா?

பேய் பிசாசுக்குத் தடை இல்லை. கொள்ளிவாய்ப் பிசாசை டிஎம் ஒரு ராத்திரிக் காட்சியில் விட்டார். அதற்குப் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. வில்-ஓ-விஸ்ப் ஸ்டாட் பிளாக்கை எடுத்துப் பெயரை மாற்றினார். அதன் ஏசி 19, ஹிட் பாயிண்ட் 22. கைக்கு அகப்படாது, அகப்பட்டால் இரண்டு மூன்று அடியில் அணைந்துவிடும். இரண்டே எண்ணில் ஒரு குணம் வந்துவிடுகிறது. மணல் பூதத்தின் 15க்கும் 138க்கும் அப்படி ஒரு குணம் இல்லாததுதான் அதன் கோளாறு.

பகாசுரன் வழி

திருப்பம் வந்தது கூத்திலிருந்து. வடாற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் வைத்தால் பகாசுரன் கதை வராமல் இருக்காது. தினமும் ஒரு வண்டிச் சோறு, இழுத்துப்போன மாடு, ஓட்டிப்போன ஆள் எல்லாம் அவனுக்கு. கொடுத்தால் ஊர்மேல் கை வைக்க மாட்டான். ஒரு நாள் முறை ஏழைப் பார்ப்பனர் வீட்டுக்கு வருகிறது. அங்கே குந்தி பிள்ளைகளோடு தங்கியிருக்கிறாள். பீமன் வண்டியேறுகிறான், வழியிலேயே சோற்றைத் தின்றுவிடுகிறான்.

இதில் பகாசுரனுக்கு எவ்வளவு பலம் என்பது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஒப்பந்தம்தான் நிற்கிறது. ஊர் எதைக் கொடுக்கிறது, யார் முறை, யார் தப்பிக்கிறார்கள், கொடுக்காமல் விட்டால் என்ன. ஆட்டத்துக்கு வேண்டிய சாகசம் முழுக்க அந்த ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. பீமன் செய்வது அதை மீறுவது, அவ்வளவுதான். டிஎம் நோட்டின் புதுப் பக்கத்தில் எண் எதையும் எழுதாமல் முதலில் மூன்று வரி எழுதினார்: இவளுக்கு என்ன வேண்டும், என்ன கொடுப்பாள், எப்போது பிடிப்பாள்.

வேண்டியது தண்ணீர். கொடுப்பதும் தண்ணீர்தான். ஆற்றுக்குள் ஊற்று தோண்டுகிறவர்களுக்குச் சுரக்க வைப்பாள். ராத்திரி ஒரு குடம் திரும்ப ஊற்றிவிட்டுப் போக வேண்டும். எடுத்துவிட்டுத் திருப்பாமல் போனவனைப் பிடித்து மணலுக்குள் இழுப்பாள். பெயர் ஊற்றுக்காரி. இப்படி ஒரு பேய்க்கதை எங்கள் பக்கம் கிடையாது, டிஎம் சொந்தமாகக் கட்டியது. யாருக்கும் இவள் சாமி இல்லை. அக்கா ஒத்துக்கொண்டார்.

எண்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. நோட்டில் இருந்தது இது:

ஊற்றுக்காரி. பெரிய உருவம். ஏசி 13. ஹிட் பாயிண்ட் 60 (8டி10+16). வேகம் 20 அடி, மணலுக்குள் 40 அடி.
வறண்ட உடல்: உலர்ந்திருக்கும்போது ஆயுத அடி பாதிதான் ஏறும்.
நனைந்த உடல்: அவள் நிற்கும் இடத்திலிருந்து 5 அடிக்குள் ஒரு தோல்பை தண்ணீர் ஊற்றினால், அவளுடைய அடுத்த முறை முடியும்வரை அடி முழுதாக ஏறும், நகரவோ மணலுக்குள் போகவோ முடியாது.
இழுப்பு: +5, 2டி8+3. பட்டவர் பிடிபடுவார், விடுபட உருட்டலில் 13 தொட வேண்டும். பிடியிலிருக்கும் முதல் முறை முடிவில் முழங்கால், இரண்டாவதில் இடுப்பு, மூன்றாவதில் தலை.

இதன் சிஆர் என்ன என்று கையேட்டு முறைப்படி போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சிஆர் 1லிருந்து 4 வரையிலான மான்ஸ்டருக்கு ஆயுத அடி பாதியானால் ஹிட் பாயிண்டை இரண்டால் பெருக்கச் சொல்கிறது கையேடு. உலர்ந்த நிலையில் 60 என்பது 120. தற்காப்பு சிஆர் 4. அடி ரவுண்டுக்குச் சராசரி 12, அது சிஆர் 1. ஆனால் தாக்குதல் எதிர்பார்த்த +3ஐவிட இரண்டு கூட என்பதால் 2 ஆகும். நாலும் இரண்டும் சேர்த்துப் பாதி, சிஆர் 3. நனைந்த நிலையில் 60 என்பது 60தான். தற்காப்பு அரை, தாக்குதல் 2, சராசரி சுமார் 1. சிஆர் 3க்கு அனுபவப் புள்ளி 700, சிஆர் 1க்கு 200. மூன்றாம் லெவலில் நாலு பேருக்கு எளிய சண்டையின் அளவு 300, நடுத்தரம் 600, கடினம் 900. ஆக, தண்ணீர் இருந்தால் இவள் எளிய சண்டையைவிடக் கீழே. தண்ணீர் தீர்ந்தால் நடுத்தரத்தைத் தாண்டிவிடுகிறாள். எது என்பதை டிஎம் முடிவு செய்வதில்லை. நாங்கள் தோல்பையில் என்ன மிச்சம் வைத்திருக்கிறோம் என்பது முடிவு செய்கிறது.

டம்ளர்

ஆட்டம் கத்திரி வெயிலில் நடந்தது. விதிப் புத்தகத்தில் கடும் வெப்பத்துக்கென்று ஒரு பகுதி உண்டு, வழக்கமாக யாரும் புரட்டிப் பார்க்காத பக்கம். 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 38 செல்சியஸ் தாண்டினால், குடிக்கத் தண்ணீர் இல்லாதவர் மணிக்கொரு தடவை உடல்வலுச் சோதனை போட வேண்டும். முதல் மணிக்கு 5 தொட வேண்டும், பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஒன்று கூடும். தோற்றால் ஒரு படி களைப்பு. கனமான கவசம் போட்டவர் இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும். வேலூரில் மே மாதம் அந்த அளவுக்கு எந்தக் கற்பனையும் தேவையில்லை; தகர ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது விதியாகவே தெரியவில்லை.

ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், வெயிலென்றால் இரண்டு என்கிறது விதி. ஒரு தோல்பை கொள்வது அரை கேலன், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக வெயில் நாளுக்கு நாலு தோல்பை. டிஎம் ஆளுக்கு நாலு சின்ன எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி முன்னால் வைத்தார். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு நிறைய மணல். கேரக்டர் குடித்தால் நீங்கள் குடிக்க வேண்டும். ஊற்றுக்காரிமேல் ஊற்றினால் தட்டில் ஊற்ற வேண்டும். வேறு கணக்குப் புத்தகம் இல்லை.

முதல் கால் மணி நேரத்திலேயே கடைக்கார அண்ணன் ஒரு டம்ளரை எடுத்துக் கடகடவென்று குடித்துவிட்டார்.

"ணா, அது கேம் தண்ணிணா! ஏன் குடிச்சே?"

"தாகமா கீது. இன்னா பண்ணச் சொல்றே?"

டிஎம் தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். போர்வீரனும் குடித்துவிட்டான், செல்லும். அதற்கப்புறம் நாலு பேரும் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். குடிப்பதா, ஊற்றுவதா என்ற ஒரே கேள்வியில் வெயில், பயணம், சண்டை மூன்றும் ஒன்றாகிவிட்டன. மணல் பூதத்தோடு ஆடியபோது பயணம் என்பது டிஎம் பேசி முடிக்கிற ஒரு பத்தி. இங்கே ஒவ்வொரு மைலும் டம்ளரில் தெரிந்தது.

ஒரு ஓட்டை இருந்தது. கிளெரிக்குக்கு முதல் படி மந்திரம் ஒன்று உண்டு, தண்ணீரை உண்டாக்குவது. ஒரு தடவை சொன்னால் பத்து கேலன், அதாவது 38 லிட்டர் போல. இருபது தோல்பை! சாகசமே படுத்துவிடும். டிஎம் அந்த மந்திரத்தைத் தடை செய்யலாமா என்று என்னிடம் முன்கூட்டியே கேட்டார். கடைசியில் செய்யவில்லை, அது சரியான முடிவு. மூன்றாம் லெவல் கிளெரிக்குக்கு முதல் படி மந்திரத்துக்கு நாலு இடம், இரண்டாம் படிக்கு இரண்டு, ஒரு தடவை சொன்னால் ஓர் இடம் தீரும். காயம் ஆற்றும் மந்திரமும் அதே இடத்திலிருந்துதான் வர வேண்டும். ஊற்றுக்காரி பிடித்தால் காயம் நிச்சயம். அக்கா அந்த மந்திரத்தை ஒரே ஒரு தடவை பயன்படுத்தினார், அதுவும் வழியில் களைத்துக் கிடந்த ஒரு மாட்டுக்கூட்டத்துக்கு. எங்களுக்கு வயிறெரிந்தது. தடை செய்திருந்தால் அந்தக் காட்சியே கிடைத்திருக்காது.

சக்கரத் தடம்

கதைக்குள் ஆற்றங்கரை ஊரில் மூன்று பேர் காணாமல் போயிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் ராத்திரிக் குடத்தை நிறுத்தவில்லை. பிறகு ஏன் பிடிக்கிறாள்? கோட்டைக்குப் புது மதில் கட்ட யாரோ ராத்திரி ராத்திரி மணல் அள்ளிப்போகிறார்கள். மணல் ஆழம் குறையக் குறைய அவளுக்குத் தண்ணீர் தங்கவில்லை. ஊர் கொடுக்கும் குடம் போதவில்லை.

இதைக் கண்டுபிடிக்க டிஎம் மூன்று துப்பு வைத்தார். டிஎம்கள் மத்தியில் புழங்கும் வழக்கம்தான்: ஒரு முடிவுக்கு ஒரே துப்பு வைத்தால், அதைத் தவறவிட்டால் கதை நின்றுவிடும், மூன்று வைத்தால் ஒன்றாவது அகப்படும். ஆற்றிலிருந்து கோட்டைக்குப் போகும் சக்கரத் தடம் ஆழமாகவும், திரும்பி வரும் தடம் மேலோட்டமாகவும் இருப்பது முதல் துப்பு. தித்திப்பாக இருந்த ஊற்றுத் தண்ணீர் கரிப்பது இரண்டாவது. கோட்டைக் கொத்தனார் சலித்துப்போட்ட குப்பையில் ஆற்றுச் சிப்பி கிடப்பது மூன்றாவது. எங்கள் கூட்டம் தடத்தைத் தாண்டி நடந்தே போய்விட்டது. தண்ணீர் கரிக்கிறது என்றதும் தம்பி "தோல் கம்பெனி வுட்டுட்டாங்களா?" என்று கேட்டுச் சிரிப்பில் போயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தண்ணீர் கரித்தால் வேறு காரணம் தோன்றாது. தோல் பதனிடும் கழிவுநீர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பான ஊர் இது. சிப்பி மட்டும் பிடிபட்டது. ஒன்று பிடிபட்டதே, போதும்.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். கூத்தில் ராஜவேஷம் எடுத்த எடுப்பில் சபைக்கு வராது. இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னாலிருந்து குரல் வரும், கிரீடத்தின் நுனி தெரியும், கால் சலங்கை கேட்கும். டிஎம் அந்த வரிசையைத்தான் எடுத்துக்கொண்டார். முதலில் ஊற்றுக்குழியில் தண்ணீர் தானாக இறங்கியது. பிறகு குடம் உரசும் சத்தம். பிறகு அண்ணனின் கணுக்காலில் ஈரமில்லாத ஒரு கை. உருவத்தை அவர் வர்ணிக்கவே இல்லை.

அண்ணன் முழங்கால் வரை போனார், இடுப்பு வரை போனார். என் பங்கு இரண்டு டம்ளர் அவளை நனைக்கப் போயிற்று. நானும் தம்பியும் சேர்ந்து முப்பது பாயிண்ட் போல இறக்கினோம். மிச்சம் அக்காவிடம் இரண்டு டம்ளர். ஒன்றை அவள்மேல் ஊற்றினால் இன்னொரு ரவுண்டு நன்றாக அடிக்கலாம், விழுந்தாலும் விழுவாள். அக்கா இரண்டையும் எடுத்துத் தட்டின் நடுவில், குழி இருந்த இடத்தில் ஊற்றினார். "அவ கேக்கறது இதத்தானே? குடுத்துட்டா வுடுவா இல்லே?"

விதியில் இருந்தது அதுதான். டிஎம் பகடை உருட்டவில்லை. அண்ணனின் கால் மேலே வந்தது. தட்டிலிருந்து தண்ணீர் ஒழுகித் தம்பியின் ரெக்கார்டு நோட்டு நனைந்தது வேறு கதை.

கோட்டை வாசலில் ஒரு யாளியும் இருந்தது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்த்த யாருக்கும் யாளியை விட மனசு வராது. டிஎம் அதை ஷூ அட்டையில் வெட்டி ஒட்டியிருந்தார், துதிக்கையோடு. தென்னாட்டுக் கோயில் யாளிகள் பலவற்றின் வாயில் உருட்டலாம் ஆனால் எடுக்க முடியாத கல் உருண்டை இருக்குமே, அதுதான் விதி: உருண்டை வாயில் இருக்கும்வரை பேசாது, கடிக்காது. எடுத்தால் இரண்டும் செய்யும். நாங்கள் எடுத்தோம். அது உண்மையைச் சொன்னது, என் கேரக்டரின் இடது கையையும் எடுத்துக்கொண்டது. பொம்மையிலிருந்து மான்ஸ்டர் செய்வது ஒன்றும் புதிதல்ல. ஔல்பேர், ரஸ்ட் மான்ஸ்டர், புலேட் மூன்றும் 1970களில் கைகாக்ஸ் வாங்கிய ஹாங்காங் மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து வந்தவை.

இன்னொரு மேசை

அதே சாகசத்தை டிஎம் ஆம்பூரில் தன் கம்பெனிக்காரர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினார். யாரும் இதற்கு முன் பகடை பிடித்ததில்லை. பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும் முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். நானும் ஓரமாக இருந்தேன்.

எங்கள் கூட்டம் தாண்டிப் போன சக்கரத் தடத்தை அவர்கள் கேட்ட மாத்திரத்தில் பிடித்தார்கள். "இது லோடு வண்டிப்பா. போம்போது லோடு, வரும்போது காலி." ஊற்றுக்காரி வந்ததும் ஒருவரும் கத்தியை உருவவில்லை. குடத்தை வைத்துவிட்டு, உனக்கு எவ்வளவு குறைகிறது என்று அவளிடமே கேட்டார்கள். கஷ்டப்பட்டுக் கணக்குப் போட்ட ஸ்டாட் பிளாக் அப்படியே கிடந்தது. டிஎம்முக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தப்பட ஒன்றும் தெரியவில்லை; அவளுடைய இரண்டு சிஆரில் ஒன்றுகூடத் தேவைப்படாமல் ஒரு மேசை இரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறது.

அவர்கள் மாட்டிய இடம் வேறு. மணல் வண்டிக்காரர்களுக்கு டிஎம் புத்தகத்திலிருந்து 'பேண்டிட்' எண்ணைப் போட்டிருந்தார்: ஏசி 12, ஹிட் பாயிண்ட் 11, இரண்டு அடியில் விழுகிற ஆட்கள். எங்கள் கூட்டம் அவர்களை அடித்துப்போட்டுவிட்டு யாளியிடம் போனது. ஆம்பூர்க்காரர்கள் வண்டியை மடக்கி, "ஒரு லோடுக்கு எவ்ளோ குடுக்கறான் உனக்கு?" என்று கேட்டார்கள். டிஎம்மிடம் அதற்கு எண் இல்லை. அரை நிமிஷம் யோசித்து எட்டு வெள்ளி என்றார். "அப்ப நாங்க பத்து தர்றோம், மணலைத் திருப்பிக் கொட்டு." பத்து வெள்ளி எங்கிருந்து வரும் என்பதில்தான் மீதி ஆட்டம் போயிற்று. வண்டிக்காரனுக்கும் இப்போது நோட்டில் மூன்று வரி இருக்கிறது: என்ன வேண்டும், என்ன கொடுப்பான், எப்போது காட்டிக்கொடுப்பான்.

டிஎம் இதைத் தமிழில் சின்னப் பிடிஎஃப்பாகப் போட எண்ணுகிறார். 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால் அந்த விதிகளை வைத்துச் சொந்தச் சாகசம் எழுதி வெளியிடத் தடை இல்லை. மூலத்தைக் குறிப்பிடும் வரி ஒன்று போட வேண்டும். தொகுப்பில் ஸ்டாட் பிளாக் இல்லாத பிஹோல்டர் (பல கண் வைத்த உருண்டை மான்ஸ்டர்) மாதிரியானவற்றைத் தொடக்கூடாது. நமக்கு அது எதற்கு?

தீராமல் இருப்பது சாகசத்தின் மூன்றாம் பகுதி. அதில் ஆறு வரப்போகிறது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனதும் இதே ஆறுதான். 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியதை நாங்களே பாலத்தின்மேல் நின்று பார்த்திருக்கிறோம். ஆறு நிறையத் தண்ணீர் வந்தால் ஊற்றுக்காரி என்ன ஆவாள்? டிஎம் எழுதி வைத்திருப்பது, ஹிட் பாயிண்ட் இரட்டிப்பாகி 120, வறண்ட உடல் போய்விடும், இழுப்பு இரண்டு பேரைப் பிடிக்கும். எனக்கு இது மணல் பூதம் பின்வாசல் வழியாக உள்ளே வருவது போலத்தான் தெரிகிறது. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி யாரையும் பிடிக்க அவளுக்குக் காரணம் இல்லை. வெள்ளத்தில் ஊருக்குத்தான் அவளிடம் கேட்க வேண்டியது இருக்கிறது: நிற்பதற்கு ஒரு மேடு மணல். அதற்கு அவள் என்ன விலை கேட்பாள் என்று எழுதுங்கள் என்கிறேன். "சண்டையே இல்லாம இன்னாப்பா கிளைமாக்ஸு?" என்கிறார் அவர். அக்கா என் பக்கம், அண்ணன் அவர் பக்கம். தம்பிக்கு செமஸ்டர் முடிந்ததும் இரண்டையும் ஆடிப் பார்ப்பதாக இருக்கிறது.